முதுகுக்குப் பின்னால் ஒரு கச்சேரி

வெள்ளானூர்
9 ஜூன் 2025

திரு. பார்த்தசாரதி அவர்களுக்கு,

'அண்ணா' என்று எழுதித்தான் பழக்கம். இன்று கை வரவில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் விலகியதைப் பார்த்துவிட்டுப் போன் மேல் போன் போட்டீர்கள். எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. எடுத்தால் பேசிப் பேசியே என்னைத் தலையாட்ட வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் கடிதம்.

நீங்கள் அனுப்பிய பென் டிரைவ் வந்து சேர்ந்தது. ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் 1993 ஆயுத பூஜைக்கு நம் மெல்லிசைக் குழு நடத்திய கச்சேரியைப் பழைய கேசட்டிலிருந்து எடுத்துத் துலக்கி, ஐந்து ஸ்பீக்கரில் சுற்றிச் சுற்றிக் கேட்கும்படி செய்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வெளியீடு, அதற்குள் எல்லோரும் கேட்டுச் சம்மதம் தர வேண்டும் என்றும் சொல்லியிருந்தீர்கள். சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தேன். என் மகன் கிஷோர் பெங்களூர் வேலைக்குப் போவதற்கு முன் ஆசைப்பட்டு ஹாலில் மாட்டிய ஸ்பீக்கர்கள் ஐந்து இருக்கின்றன. இதுவரை அவற்றைப் போட்டதே இல்லை, சீரியலுக்கு டிவியின் சத்தமே தாராளம். மருமகள் லாவண்யா எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தாள். பலகாரம் கூடச் செய்து வைத்திருந்தேன்.

கேட்டேன். ஜனங்கள் எனக்கு எதிரே இருக்கிறார்கள். கைதட்டல், இருமல், யார் வீட்டுக் குழந்தையோ அழுவது, எல்லாம் டிவி பக்கத்திலிருந்து வருகிறது. பாடுகிற நானோ சோபாவுக்குப் பின்னால், என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறேன்.

ஒன்பது வருஷம் உங்கள் குழுவில் கோரஸ் பாடினேன். பின்வரிசையில் நின்று ஆ, ஓ என்று இழுத்ததுதான் என் சங்கீதம். அந்த ஆயுத பூஜைக்கு, எப்போதும் முன்னால் நின்று பாடும் ஜமீலாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு ஆள் இல்லாமல் என்னை முன்னால் நிறுத்தினீர்கள். நீங்களே மெட்டுப் போட்டு, வெல்டிங் ஷாப் நாகப்பன் எழுதிய சங்குப் பாட்டை நான் பாடினேன். ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதுமா என்று ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிற பாட்டு. அடுத்த கச்சேரிக்கு ஜமீலா வந்துவிட்டாள். என்னைப் பழையபடி பின்வரிசைக்குப் போகச் சொன்னீர்கள். நான் வீட்டுக்கே போய்விட்டேன்.

என் ஆயுசில் நான் முன்னால் நின்றது அந்த ஒரு நாள். இப்போது கம்ப்யூட்டரை வைத்து அதையும் பின்னால் தள்ளிவிட்டீர்கள். அப்படி என்ன கோபம் என் மேல்?

சம்மதம் கிடையாது.

இப்படிக்கு,
ரேணுகா


ஐயப்பன்தாங்கல்
13 ஜூன் 2025

திருமதி ரேணுகா அவர்களுக்கு,

நீங்கள் 'திரு' போட்டால் எனக்கும் 'திருமதி' போடத் தெரியும்.

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கோபத்தில் எழுதக் கூடாது என்று பொறுத்துப் பார்த்தேன். கோபம் அடங்குவதாக இல்லை, எழுதிவிடுகிறேன்.

அன்றைக்குப் பதிவு செய்தது நாலு தடம் கொண்ட கேசட் பெட்டியில். என் மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்தது. ஒரு தடத்தில் உங்கள் மைக். இரண்டு தடங்களில் வாத்தியங்கள். நாலாவதில், ஜனங்களைப் பார்த்து மூங்கிலில் கட்டித் தொங்கவிட்ட மைக். அந்த நாடா பூஞ்சை பிடித்துக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்து, ஜெனரேட்டர் இரைச்சலை நீக்கி, இழுபடும் இடங்களை நேராக்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரி ஜெகதாம்பாள் ஹாலில் காபி டம்ளர் வைக்கக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

உங்கள் குரல் எங்கே இருக்கிறது தெரியுமா? நடு ஸ்பீக்கரில். கேட்பவரின் மூக்குக்கு நேரே. என் கீபோர்டு முன்னால் இடது பக்கம், எத்திராஜின் தபலா முன்னால் வலது பக்கம். பின்னால் இருக்கிற இரண்டு ஸ்பீக்கரிலும் ஜனங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. மைதானத்தில் நல்ல இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவனுக்கு எப்படிக் கேட்குமோ அப்படி.

என் ஹாலில் நாற்காலி வைக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்திருக்கிறேன். அந்த இடத்தில் உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஃபேக்டரியில் நான் ஆய்வுப் பிரிவில் இருந்தவன். அளவு பிசகிய உருப்படி என் மேஜையைத் தாண்டி வெளியே போனதில்லை. முன்னால் எது பின்னால் எது என்று தெரியாமலா இருப்பேன்?

தப்பாக நினைக்க வேண்டாம். வயதானால் காது நம்மை ஏமாற்றும். பூந்தமல்லியில் எனக்குத் தெரிந்த காது டாக்டர் ஒருவர் இருக்கிறார். போய்ப் பாருங்கள்.

பார்த்தசாரதி


வெள்ளானூர்
17 ஜூன் 2025

திரு. பார்த்தசாரதி அவர்களுக்கு,

டாக்டரிடம் போய் வந்தேன். பூந்தமல்லிக்கு இல்லை, ஆவடியிலேயே. காதில் ஒரு குறையும் இல்லை, முப்பது வயதுப் பெண்ணுக்கு இருக்கிற காது என்றார். உங்கள் கதையைச் சொன்னேன். அவரையும் ஒருநாள் அழைத்து வாருங்கள் என்றார்.

காது டாக்டருக்கு ஆள் அனுப்புகிற அளவுக்கு நான் என்ன சொல்லிவிட்டேன்? எங்கே கேட்கிறதோ அங்கே கேட்கிறது என்றேன். நேற்று ஸ்டூல் மேல் ஏறி, சோபாவுக்குப் பின்னால் உச்சியில் மாட்டியிருக்கும் பெட்டியில் உள்ளங்கையை வைத்தேன். நான் பாடும்போதெல்லாம் பெட்டி அதிர்கிறது. டிவிக்கு மேல் இருக்கும் பெட்டியில் கைதட்டலுக்கு மட்டும்தான் அதிர்வு. கைக்கும் காது டாக்டரைப் பார்க்கச் சொல்வீர்களா?

சாட்சி வேண்டுமென்றால் இன்னொருவரும் இருக்கிறார். எத்திராஜ் அண்ணன் திருவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோ மாறி மாறி வந்தார். சோபாவில் உட்கார்ந்து பாதிப் பாட்டு வரை கேட்டார். அப்புறம் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

"இன்னாமா இது, அண்ணாத்தே நம்பள எல்லாம் செவுத்துக்குள்ள வெச்சுப் பூசிட்டாரா? என் தபலா என் முதுகுலயே வாசிக்குது."

அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் நான் மாற்றவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். முதலில் இதை எழுதத் தயங்கினேன். ஜனங்கள் எதிரே இருப்பதால் அவர்களைத்தான் கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். சங்குப் பாட்டு முடிந்ததும் கைதட்டல் வருகிறது. சட்டென்று நின்றுவிடுகிறது. உடனே அடுத்த பாட்டு. அன்றைக்கு அப்படியா நடந்தது? ஒன்ஸ் மோர் கேட்டார்கள். மைதானமே கேட்டது. நான் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டேன். முப்பது வருஷமாக அந்தச் சத்தத்தை நினைத்துக்கொண்டுதான் சமையலறையில் பாடுகிறேன்.

அந்த ஒன்ஸ் மோர் எங்கே?

ரேணுகா


ஐயப்பன்தாங்கல்
21 ஜூன் 2025

திருமதி ரேணுகா அவர்களுக்கு,

எத்திராஜைச் சாட்சிக்கு அழைத்த முதல் ஆள் நீங்களாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டுக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால் என் ஹாலில் இதே கச்சேரியைக் கேட்டுவிட்டு, "சோக்கா கீது அண்ணாத்தே, மைதானத்துல குந்திகினு கேக்குற மாதிரியே கீது" என்று சொல்லிவிட்டு இரண்டு தட்டு பஜ்ஜி சாப்பிட்டுப் போனவர் அவர்தான். உங்கள் வீட்டில் என்ன பலகாரம் என்று நான் கேட்கவில்லை.

ஒன்ஸ் மோர் பற்றி. மேடையில் நானும் இருந்தேன். யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நாடாவை முதலிலிருந்து கடைசிவரை கேட்டிருக்கிறேன், அப்படி ஒன்றும் என் காதில் விழவில்லை. கைதட்டல் வாங்கியவர்களுக்குக் கொஞ்ச நாள் போனால் ஒன்ஸ் மோர் கேட்ட ஞாபகமும் சேர்ந்துகொள்ளும். அது மனித சுபாவம். அதற்காக இல்லாததை நான் ஒட்ட முடியாது. இன்னொரு கச்சேரியின் கூச்சலை எடுத்து இதில் ஒட்டுவது எனக்கு ஐந்து நிமிஷ வேலை. அதைச் செய்கிறவன் நான் இல்லை.

முன்னால் பின்னால் தகராறை இதோடு முடித்துக்கொள்வோம். இத்துடன் இன்னொரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். அதில் பாட்டு இல்லை. என் குரல் மட்டும். ஒவ்வொரு ஸ்பீக்கராக வந்து, நான் முன்னால் இடது பக்கம், நான் நடுவில், நான் பின்னால் வலது பக்கம் என்று சொல்லுவேன். சொல்கிற இடத்திலிருந்து குரல் வராவிட்டால் மொத்தப் பதிவையும் கிணற்றில் போட்டுவிடுகிறேன். வந்தால் நீங்கள் மறுபேச்சில்லாமல் சம்மதம் தர வேண்டும்.

நீங்கள் தராவிட்டால் உங்கள் பாட்டை எடுத்துவிட்டு மற்றதை வெளியிட வேண்டியிருக்கும். ஜமீலாவுக்கும் நாகப்பனுக்கும் இதைச் சொல்லிவிட்டேன். மிரட்டல் என்று நினைத்துக்கொண்டாலும் சரி.

பார்த்தசாரதி


வெள்ளானூர்
27 ஜூன் 2025

திரு. பார்த்தசாரதி அவர்களுக்கு,

சிரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்கள் பென் டிரைவைப் போட்டோம். "நான் பார்த்தசாரதி, முன்னால் இடது பக்கத்திலிருந்து பேசுகிறேன்" என்று சோபாவுக்குப் பின்னால் வலது மூலையில் நின்று பேசினீர்கள். "நான் நடுவில்" என்று என் பிடரியில் சொன்னீர்கள். "நான் பின்னால்" என்று டிவிக்குப் பக்கத்தில் வந்தீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிமோட்டைச் சோபாவில் எறிந்தேன். லாவண்யா மட்டும் அசையாமல் உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாக, "அத்தை, எங்கப்பா வந்தப்ப டிவியை மாத்தினோம்ல" என்றாள்.

நடந்தது இதுதான். கிஷோர் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது டிவியை இப்போது சோபாவுக்குப் பின்னால் இருக்கும் சுவரில்தான் மாட்டினான். ஸ்பீக்கர் ஒயர்களைச் சுவருக்குள் விட்டுப் பூசினான். புதுமனைப் புகுவிழாவுக்கு வந்த சம்பந்தி வாஸ்து பார்க்கிறவர். ஈசானிய மூலையில் டிவியா, வீட்டுக்கு ஆகவே ஆகாது என்று காபியைக்கூடத் தொடவில்லை. மறுநாளே டிவி இந்தச் சுவருக்கு வந்துவிட்டது, சோபாவும் திரும்பிவிட்டது. சுவருக்குள் இருக்கிற ஒயர் திரும்புமா? ஐந்தும் ஒரே மாதிரி சின்னப் பெட்டிகள், கூரையை ஒட்டி இருக்கின்றன. யாருக்கும் நினைவில்லை.

ஆக, உங்கள் முன்னால் எனக்குப் பின்னால். உங்களைச் சொன்னது தவறு. இதை ஒரே ஒரு தடவைதான் எழுதுவேன், படித்துக்கொள்ளுங்கள்.

உடனே லாவண்யாவும் நானும் சோபாவைத் திருப்பினோம். டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலண்டர் தொங்கும் வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கச்சேரியை முழுக்கக் கேட்டோம். நீங்கள் சொன்னபடியே இருந்தது. குரல் எதிரே, கீபோர்டு இடது பக்கம், தபலா வலது பக்கம், ஜனங்கள் பின்னால். லாவண்யா ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாள்.

எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ ஒருத்தி எதிரே நின்று பாடுகிறாள், நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு நான் அந்த நாற்காலியிலா இருந்தேன்? என் எதிரே ஜனங்கள் இருந்தார்கள். நீங்களும் எத்திராஜ் அண்ணனும் பின்னால் இருந்தீர்கள். என் குரலே பின்னால் வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டியிலிருந்துதான் எனக்குத் திரும்பி வந்தது. சோபாவை மறுபடியும் டிவி பக்கம் திருப்பச் சொன்னேன். சம்பந்தி புண்ணியத்தில் என் ஹாலில் கேட்பதுதான் நான் பாடிய கச்சேரி. தெரியாமல் அதை வைத்துக்கொண்டுதான் உங்களோடு சண்டை போட்டிருக்கிறேன்.

அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன். கைதட்டல் ஏன் கத்தரியால் வெட்டிய மாதிரி நிற்கிறது? நூற்றுக்கணக்கான பேர் ஒரே நொடியில் கையை மடியில் வைத்துக்கொள்வார்களா? ஜனங்களை உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நீங்கள் தீர்ப்பு சொல்கிறீர்கள். சாக்பீஸ் அடையாளத்திலேயே நாற்காலி இருக்கட்டும். அதைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து கேளுங்கள்.

பந்தயப்படி நான் சம்மதம் தர வேண்டும் என்பீர்கள். டிவிக்கு எதிரே உட்கார்ந்தால் குரல் நீங்கள் சொன்ன இடத்திலிருந்து வரவில்லை. பந்தயம் செல்லாது. என் பாட்டை எடுத்துவிட்டு வெளியிடுவதானால் வெளியிடுங்கள். ஒன்ஸ் மோர் இல்லாமல் அது எனக்கு வேண்டாம்.

ரேணுகா


ஐயப்பன்தாங்கல்
5 ஜூலை 2025

அன்புள்ள ரேணுகா,

சத்தியத்தை மீறிச் சிரித்துவிட்டேன். ஜெகதாம்பாளிடமும் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. ஈசானிய மூலையில் நம் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்த்தாள். என் வீட்டிலும் புதுப் பிரச்சினையைக் கிளப்பிவிட்டாய்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நாற்காலியைத் திருப்புவதாக இல்லை. யாரோ சொன்னதற்காக அளவுகோலைத் தலைகீழாகப் பிடிப்பார்களா? நாலு நாள் அப்படியே இருந்தேன். ஐந்தாம் நாள் ஜெகதாம்பாள் கோவிலுக்குப் போயிருந்தபோது திருப்பிப் போட்டேன்.

இத்தனை மாதத்தில் அந்த ஜனங்களை நான் கேட்கவே இல்லை. கைதட்டல் பின்னால் சரியான அளவில் வருகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். எதிரே வந்ததும் தெரிந்துவிட்டது. சங்குப் பாட்டின் முடிவில் கைதட்டல் உயர்ந்துகொண்டே போகிறது, உச்சியில் யாரோ கதவைச் சாத்திய மாதிரி அடங்குகிறது. அப்படி ஒரு உருப்படி என் மேஜைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

துலக்காத மூல நாடாவை எடுத்தேன். அதை முழுக்கக் கேட்டதாக உனக்கு எழுதினேன். கேட்டது உன் தடத்தையும் வாத்தியத் தடங்களையும்தான். நாலாவது தடத்தை நேராக இரைச்சல் நீக்கும் புரோகிராமுக்குக் கொடுத்துவிட்டேன். அந்தச் சனியனுக்கு முதலில் ஒரு துண்டு இரைச்சலைக் காட்டி, இதைப் போல எங்கே இருந்தாலும் எடுத்துவிடு என்று சொல்ல வேண்டும். நான் காட்டிய துண்டில் ஜெனரேட்டரோடு கூட்டத்தின் கூச்சலும் கலந்திருந்திருக்கிறது. ஜனங்கள் எல்லோரும் சேர்ந்து கத்திய இடத்தை அது இரைச்சல் என்று முடிவு செய்து வழித்துப் போட்டுவிட்டது. காசு கொடுத்து வாங்கிய புரோகிராம். அதன் காதை எந்த டாக்டரிடம் காட்டுவது?

ஒன்ஸ் மோர் இருக்கிறது. நீ சொன்னதைவிடப் பெரிதாக இருக்கிறது. மைக்குக்குப் பக்கத்தில் நின்ற ஒரு ஆள் தொண்டை கிழியக் கத்துகிறான்: "கீபோர்டு அண்ணாத்தே, அந்தப் பொண்ணயே இன்னொரு தபா பாடச் சொல்லு!"

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. புரோகிராமின் மேல், எத்திராஜின் மேல், உன் சம்பந்தியின் மேல், எல்லோரையும்விட என் மேல். உன் ஞாபகத்தைப் பற்றி நான் எழுதிய வரிகளை அடித்துவிடு.

நாலாவது தடத்தை முதலிலிருந்து கையாலேயே துலக்கி, எதையும் வெட்டாமல் புதிதாகச் செய்து அனுப்பியிருக்கிறேன். ஜெனரேட்டர் கொஞ்சம் கேட்கும், கேட்டுவிட்டுப் போகட்டும். நீ சோபாவைத் திருப்ப வேண்டாம். இருக்கிறபடியே உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொல். சம்மதம் தருவதும் தராததும் உன் இஷ்டம்.

அன்புடன்,
பார்த்தசாரதி


வெள்ளானூர்
10 ஜூலை 2025

அண்ணா,

கேட்டேன். லாவண்யாவை வேலைக்கு அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்டேன். அந்த ஆள் கத்தியதும் அழுதுவிட்டேன். சம்மதம் இத்துடன் வைத்திருக்கிறேன், ஜமீலாவுக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன்.

ஆனால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நீங்கள் எதையும் வெட்டாமல் அனுப்பியதால் இன்னொன்றும் கேட்டுவிட்டது. ஜனங்கள் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆள் உங்களைப் பார்த்துத்தான் கத்துகிறான். அந்தக் கத்தலுக்கு நடுவிலேயே ஒரு கீபோர்டு அடுத்த பாட்டை ஆரம்பித்துவிடுகிறது. சோபாவை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் அது உங்கள் கைதான். காதில் விழவில்லை என்பீர்கள். இப்போது விழுந்துவிட்டதல்லவா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை கீபோர்டை எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். எத்திராஜ் அண்ணனையும் கூட்டி வாருங்கள், பஜ்ஜி நான் போடுகிறேன். இந்த ஆயுத பூஜைக்குப் பதிவை வெளியிடும் மேடையில் நான் சங்குப் பாட்டைப் பாடப்போகிறேன், முன்னால் நின்று. முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து பாடுவேன். யாரும் கேட்காவிட்டாலும் பாடுவேன், அவர்கள் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.

சுருதியை மட்டும் ஒரு கட்டை இறக்கிக்கொள்ளுங்கள். அது நம் இருவருக்கும் தெரிந்தால் போதும்.

ரேணுகா